கடமைக்கு வரும் நாய்க்கு முன்வாசல்

புருசெத், ஒஸ்லோ
14.05.2008

அன்பு மகள் துஷ்யாவுக்கு,

நானும் அம்மாவும் தங்கச்சி சாருகாவும் சுகம். பொஸ்டனில் நீயும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு, கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நாய் இல்லாமல் தங்கச்சியின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றாய், நாயோடு வராதே என்றேன், நீ போனை வைத்துவிட்டாய். கார் விபத்துக்குப் பிறகு துணைக்கு வளர்க்கிறாய் என்றுதான் நான் விளங்கியிருந்தேன். அது வேலை செய்யும் நாய் என்று ஒரு சொல் சொன்னாயா? பிழை உன்னுடையது. அம்மாவைக் கேட்டால் அவவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நீ சனத்துக்குள் விறைத்துப்போனால் முழங்காலில் இடித்து வெளியே கூட்டிப்போகுமாம், கெட்ட கனவில் கத்தினால் எழுப்புமாம். நான் இந்த நாய்களைப் பற்றிய ஆங்கிலப் பக்கங்களை நூலகத்தில் அச்செடுத்து, அகராதியோடு மூன்று நாள் இருந்து படித்தேன். பக்கத்தில் இருந்து ஆறுதல் தரும் பிராணி வேறு, ஒருவருடைய நோய் வருத்தத்துக்கென்று வேலை பழக்கிய நாய் வேறு. உன்னுடையது இரண்டாவது, அதனால் அது கல்யாணத்துக்கு வரட்டும்.

இதை அம்மா வெளியில் சொல்ல, மேல்மாடி மகேந்திரராசா தன் சடைநாய்க்கும் மன ஆறுதலுக்குத் தேவை என்று டொக்டரின் கடிதம் இருக்கிறது, அதையும் கல்யாணத்துக்குக் கொண்டுவருவேன் என்று வந்து நின்றார். அது என்ன செய்யும் என்று கேட்டேன். மனம் சரியில்லாவிட்டால் மடியில் வந்து படுக்கும் என்றார். நல்லது, அது அன்பு, வீட்டில் வைத்திருங்கள், மடியில் தலையணையும் படுக்கும் என்றேன். போன வருடம் கட்டடத்தில் நெருப்பென்று புகைமணி அடித்தபோது யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினது என்றும் கேட்டேன். மூன்று நாளாக லிஃப்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மண்டபப் பொறுப்பாளர் ஜெயரத்தினம், கல்யாண மண்டபத்துக்குள் நாயா என்று ஆசாரம் கதைத்தார். மணவறைக்குக் கிட்ட வராவிட்டால் சரி என்று ஐயரே சொல்லிவிட்டார் என்றேன். அப்படியானால் சமையலறைப் பக்கத்தால் வரட்டும் என்றார். கடமைக்கு வருகிற நாய் முன்வாசலால்தான் வரும் என்றேன். யோசிக்கிறாராம். உன் கதிரைக்குக் கதவோரம் இடம் பார்த்திருக்கிறேன், எழும்பி வெளியே போக ஏழு அடி, நடந்து பார்த்தேன். எங்கள் ஆட்கள் வடை கொடுக்கப் பார்ப்பார்கள், தடவ வேண்டாம், தீன் போட வேண்டாம் என்று அட்டையும் எழுதியாயிற்று.

நாயின் ஊசிப் பத்திரம், பூச்சிமருந்துப் பத்திரம் எல்லாம் இப்போதே எடுத்து வை, நேரத்துக்குச் சாப்பிடு. அன்றைக்கு ஜெயரத்தினம் மறித்தால் நானும் உங்கள் இரண்டு பேரோடும் வாசலில்தான் நிற்பேன். சாருகாவைத் தாரைவார்க்கத் தகப்பன் தேவையென்றால் மணவறை வெளியே வரட்டும்.

முருகன் உன்னைக் கைவிடமாட்டான்.

உன் அப்பா,
தர்மலிங்கம்