‘எப்பப் போறீங்க?’ என்று கேட்கப்படுவது குறித்து

அனுப்புநர்:
இரா. பூவிழி,
க/பெ. பரிதி,
காளியம்மன் கோயில் தெரு,
நல்லூர்க்கரை கிராமம்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்த் தீர்வாய அலுவலர் அவர்கள்,
ஜமாபந்தி முகாம்,
குத்தாலம்.

பொருள்: பசலி 1434 ஜமாபந்தி – நல்லூர்க்கரை கிராமம் – குத்தகைச் சாகுபடி – மனுதாரர் “திரும்பிச் செல்லக்கூடியவர்” என்று எழுதப்பட்ட குறிப்பை நீக்கவும், உதவி செய்தவர்களுக்கு என் நன்றியைப் பதிவு செய்யவும் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் என் தாயார் அம்சம், கணவர் பரிதி ஆகியோருடன் வசித்து வருகிறேன். என் புகார் ஒரு கேள்வியைப் பற்றியது. பட்டா, எல்லை, பாதை என்று வரும் மனுக்களுக்கு நடுவே இது தங்களுக்கு விளையாட்டாகத் தோன்றலாம். அந்தக் கேள்வி அரசுப் பதிவிலும் ஏறிவிட்டதால் தங்களிடம் வர வேண்டியதாயிற்று. புகாரை விட நன்றி சொல்ல வேண்டியது அதிகமாக இருப்பதால் மனு சற்று நீண்டுவிட்டது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் பெற்றோர் இருவரும் விவசாயக் கூலி வேலை செய்தவர்கள். நான் செவிலியர் உதவியாளர் படிப்பு முடித்து, மஸ்கட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருவேன். பேருந்தை விட்டு இறங்கியதும் “எப்ப வந்தீங்க?” என்பார்கள். பெட்டியை வீட்டில் வைப்பதற்குள் “எப்பப் போறீங்க?” என்பார்கள். அப்போது எனக்கு அதில் வருத்தமில்லை. வந்தவள் போகத்தான் போகிறேன். தேதியைச் சொல்லிவிடுவேன்.

2. 2023 பங்குனியில் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். யாரும் என்னை நீக்கவில்லை. குத்தாலத்தில் என் கணவர் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி. யார் யாருடைய அம்மாவையோ இத்தனை வருடம் பார்த்துக்கொண்டாயிற்று, இனி என் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

நான் வந்துவிட்டேன். கேள்வி போகவில்லை. ரேஷன் கடையில், மளிகைக் கடையில், கல்யாணப் பந்தியில், சாவு வீட்டில் கூட “எப்பப் போறீங்க?” என்பார்கள். “போகலைங்க, இனிமே இங்கதான்” என்று சொன்னால் குரலைத் தாழ்த்தி “வேலை போயிடுச்சா?” என்பார்கள். இல்லை என்றால் “அப்ப எப்பப் போறீங்க?” என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். என் அம்மாவிடம் “மவ இன்னும் போகலையா?” என்று விசாரித்தவர்களும் உண்டு. கேட்டவர் ஒருவர் கூடக் கெட்டவர் இல்லை. ஆனால் பிறந்த ஊரில் காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று வழியனுப்பிக்கொண்டே இருந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு கட்டத்தில் நான் கடைத்தெருவுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

3. சென்ற ஆண்டு ஆனியில் எங்கள் ஊர் திரு. பஞ்சநதம் அவர்களின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குக் கேட்டுப் போனேன். அவருடைய பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: “சம்பா மட்டுமா, ரெண்டு போகமுமா?” இரண்டும் என்றேன். என் பெயரில் முறையாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு என் முதல் நன்றி.

அந்த வயலில் என் அம்மா பல வருடம் நடவு நட்டிருக்கிறார், களை எடுத்திருக்கிறார். அதில் குத்தகைதாரராக இறங்கியது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். அன்று அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். வரப்பில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

4. சம்பா நடவு முடிந்ததும், பயிர்க் காப்பீடு செய்வதற்காக, சாகுபடி என்னுடையது என்று காட்டும் அடங்கல் கேட்டு எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பித்தேன். அவர் இப்போது மாறுதலாகிச் சென்றுவிட்டார். அவர் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். முதலில் “எப்ப வந்தீங்க?” என்றார். அடுத்தது என்ன என்பது எனக்குத் தெரியும். கேட்டார். போகவில்லை என்றேன். சிரித்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள் என்றும், என் கணவர் உள்ளூரிலேயே இருப்பவர் என்பதால் சாகுபடியை அவர் பெயரில் எழுதிவிடலாம் என்றும் யோசனை சொன்னார். ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது, சேற்றில் இறங்குவதும் நான்தான், ஆகவே என் பெயரில்தான் வேண்டும் என்று பணிவாகச் சொன்னேன்.

என் விண்ணப்பத்தில் அவர், “மனுதாரர் வெளிநாட்டில் பணிபுரிபவர். விடுப்பில் வந்துள்ளார். திரும்பிச் செல்லக்கூடியவர்” என்று எழுதி அனுப்பிவிட்டார். அதுவரை காதால் கேட்டுவந்ததை அன்று எழுத்தில் பார்த்தேன்.

5. அடங்கல் கிடைக்காமலே காப்பீட்டுக்கான கடைசி நாள் கடந்து போயிற்று. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர முயன்றபோது அதே குறிப்பு குறுக்கே நின்றது. வடிகாலில் ஆகாயத்தாமரை அகற்றுவது பற்றி ஊர் விவசாயிகள் கூடிப் பேசியபோது என்னைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “நீங்க இருப்பீங்களோ என்னமோன்னு விட்டுட்டோம்” என்றார்கள்.

6. என் வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவில் திரு. துரைராசு அவர்களின் வயல் இருக்கிறது. அந்தக் கேள்வியை என்னிடம் எல்லோரையும் விட அதிகமாகக் கேட்டவர் அவர்தான். வரப்பில் எதிர்ப்படும்போதெல்லாம் கேட்பார். பதிலுக்கு நிற்க மாட்டார், போய்க்கொண்டே இருப்பார். என் அம்மா அதிக காலம் வேலை செய்தது அவர்கள் வீட்டு வயலில். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் கூட அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆகவே துரைராசு அவர்கள் கேட்டதை வெறும் விசாரிப்பாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் வருவது தெரிந்தால் நான் வயலின் மறுபக்கம் போய்விடுவேன்.

7. கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வடிகால் அடைத்திருந்ததால் தண்ணீர் போக வழியில்லை. என் பயிர் முழுதும் மூழ்கி, நுனி மட்டும் தெரிந்தது. காப்பீடு கிடையாது. மஸ்கட்டில் சேர்த்ததை எல்லாம் அதில்தான் போட்டிருந்தேன். ஊர் கேட்டது சரிதான், போக வேண்டியதுதான் போலிருக்கிறது என்று அன்று நானே நினைத்தேன். பழைய மேலாளருக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

காலையில் மழையோடு வயலுக்குப் போனேன். துரைராசு அவர்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தம் வரப்பைத் தாமே வெட்டிக்கொண்டிருந்தார். என் தண்ணீர் அவர் வயல் வழியாகத்தான் வடிய முடியும். அப்படி விட்டால் அவர் பயிர் இன்னும் சில நாள் தண்ணீரில் நிற்கும். அதைச் சொல்லி வேண்டாம் என்றேன். அவர் நிமிரவில்லை.

“என் பயிரு உசரமா இருக்கு, தாங்கும். உங்களது பிந்தி நட்டது, தாங்காது. மொதல்ல தண்ணி போவட்டும். நீங்க போறதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

அந்த மழையில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிறகு அவரே தெருவுக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். என் கணவர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். எல்லோருமாக ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டோம். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கைப்பேசியில் எழுதி வைத்திருந்த செய்தியை அழித்துவிட்டேன்.

8. மழை விட்டதும் சேதம் பார்க்க உதவி வேளாண்மை அலுவலர் திருமதி செம்மொழி அவர்கள் வந்தார். உடன் வந்தவர் “இவங்க வெளிநாடு” என்று சொல்லி என் வயலைத் தாண்டி நடந்தார். செம்மொழி அவர்கள் மட்டும் நின்றார். என்னைப் பார்த்து, “நட்டு எத்தனை நாளாச்சுங்க?” என்று கேட்டார்.

ஐயா, நான் ஊர் திரும்பிய பிறகு அரசு ஊழியர் ஒருவர் என்னைப் பயிர் வைத்திருப்பவளாக மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. நட்ட தேதியைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்து, அழுகவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார். என்ன உரம், எப்படிக் கலந்து போடுவது என்று சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்திப் பயிரைப் பார்த்துவிட்டுப் போனார். என் விண்ணப்பத்தில் எழுதப்பட்ட குறிப்பை, ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் முறையிட்டு மாற்றலாம் என்று வழி காட்டியவரும் அவரே.

9. தை கடைசியில் அறுவடை முடிந்தது. மகசூல் குறைவுதான். ஆனாலும் கொள்முதல் நிலையத்துக்கும் நெல் போனது, வீட்டுக்கும் வந்தது. அறுவடை இயந்திரம் போன பிறகு, என்னை ஏன் எப்போதும் அப்படிக் கேட்கிறீர்கள் என்று துரைராசு அவர்களிடம் கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப் போனார். அது என்னை வருத்தும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எதுக்க வர்றவங்கள ஒண்ணும் கேக்காம எப்படிப் போறது? சாப்டீங்களான்னு கேக்கலாம். எங்க வீட்டுல உங்க அம்மாவ ஒரு நாளும் உள்ள உக்கார வச்சு சோறு போட்டதில்ல. அதனால அதக் கேக்க வாய் வரல. வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியலைங்க.”

அடுத்த வாரம் அவரையும் அவர் மனைவி திருமதி தங்கமணி அவர்களையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். வருவார்களா என்று அம்மாவுக்குச் சந்தேகம். வந்தார்கள். அம்மா புது அரிசியில் சமைத்து, நின்றுகொண்டே பரிமாறினார். தங்கமணி அவர்கள் முதல் வாய் எடுத்து வைத்தவர், கையை நிறுத்தி, “நீங்களும் உக்காருங்கக்கா” என்றார். அம்மா உடனே உட்காரவில்லை. தங்கமணி அவர்கள் சாப்பிடாமல் காத்திருந்தார். அதன் பிறகு அம்மா உட்கார்ந்தார்.

10. ஆகவே ஐயா, தங்களிடம் நான் வேண்டுவன:

அ) மேட்டூரில் தண்ணீர் திறக்கும் காலம் நெருங்குகிறது. குறுவைக்கு நாற்று விட வேண்டும். மேற்படி குறிப்பை நீக்கி, இந்தக் கிராமத்தில் நிரந்தரமாக வசித்துக் குத்தகைச் சாகுபடி செய்பவர் என்று என் பெயரைப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். அது கிடைத்தால் காப்பீடும் சங்க உறுப்பினர் தகுதியும் எனக்குக் கிடைக்கும்.

ஆ) குறிப்பை எழுதிய அலுவலர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். ஊரே சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

இ) திருமதி செம்மொழி அவர்களின் பணியைப் பாராட்டி அவருடைய துறைக்கு ஒரு வரி எழுத வேண்டுகிறேன். திரு. துரைராசு அவர்கள் தம் பெயரை மனுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்த ஒன்றில் மட்டும் அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

ஈ) கடைசியாக ஒன்று. என்னோடு மஸ்கட்டில் ஓட்டுநராக இருந்த திரு. மூஸா நம் வட்டத்தைச் சேர்ந்தவர். வரும் ஆடியில் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க இந்த வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் வருவார். சென்ற வாரம் கைப்பேசியில் பேசும்போது, விமான டிக்கெட்டைப் போக வர இரண்டுக்கும் சேர்த்தே எடுத்துவிடவா, கேட்பவர்களிடம் சொல்ல ஒரு தேதி இருக்குமே என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

ஒரு வழி டிக்கெட் போதும் என்று சொல்லிவிட்டேன். தங்களை நம்பித்தான் சொன்னேன்.

என் மனுவைப் பொறுமையுடன் படித்தமைக்கு நன்றி கூறி, குறுவைக்கு முன் நல்ல உத்தரவை எதிர்நோக்குகிறேன்.

இணைப்பு: குத்தகை ஒப்பந்த நகல், ஆதார் நகல், மேற்படி விண்ணப்ப நகல்.

இடம்: குத்தாலம்
நாள்: 27.05.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
இரா. பூவிழி