கிராணி வீட்டு வகுப்பு

8 மார்ச் 1936, ரெங்கம்

ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்காக நான் நடத்தும் எழுத்து வகுப்புக்கு இன்றும் யாரும் வரவில்லை. வராந்தாவில் பாய் விரித்து, சிலேட்டுகளைத் துடைத்து வைத்து, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்த பெண்கள் பாதையில் போனார்கள். எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் சேவா சங்கச் செயலாளர் அய்யாவு வந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு மாசம் பாப்போம்மா. ஆளு வரலன்னா மூடிரலாம்." கோபப்படவில்லை. அதுதான் வலித்தது.

10 ஏப்ரல்

குளுவாங்கில் நடக்கும் சங்க மாநாட்டுக்கு வகுப்பைப் பற்றிய அறிக்கை எழுதி முடித்தேன். "தோட்டத்துப் பெண்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை." நல்ல வாக்கியம் என்றுதான் தோன்றியது.

12 ஏப்ரல், குளுவாங்

காலை முழுவதும் தீர்மானங்கள். மாதர் முன்னேற்றம் பற்றி நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் ஆண்கள்.

பந்தியில் என் பக்கத்தில் பொந்தியான் சங்கத்துச் செல்லம் அக்கா. கடைக்காரர் மனைவி, பெரிய சிரிப்புக்காரி. என் வகுப்பின் கதையைக் கேட்டுவிட்டு, "உங்கப்பா என்ன வேல?" என்றார்.

"தோட்டத்துக் கிராணி. கணக்கு, பேர்ப்பதிவு எல்லாம் அவர்தான்."

"வகுப்பு எங்க?"

"எங்க வீட்டு வராந்தாவுல."

"அலமாக்! விடியக்கால பெரட்டுல ஆள் கணக்கெடுக்கிறப்ப லேட்டா வந்தா பேர வெட்டுறவரு வீட்டுலயே சாயங்காலம் வந்து அ, ஆ சொல்லணுமா? நானா இருந்தா ஓடிருவேன் லா!"

அவர் தன் அப்பளத்தை என் இலையில் வைத்தார். "நாங்களும் மொதல்ல தோட்டத்து ஆபீஸ்லதான் நடத்துனோம், கண்ணு. ஒரு ஈ வரல. அப்புறம் ஆயாக்கொட்டகைக்கு மாத்துனோம். அங்க விட்டுட்டுப் போன புள்ளையத் தூக்க எப்படியும் வரணும்ல?"

பிற்பகல் மேடையில் அறிக்கையைப் படித்தபோது அந்த வாக்கியம் வந்தது. நின்றுவிட்டேன். "ஆர்வமில்லை என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் எனக்குத் தெரியாது. நான் அவர்களைக் கேட்டதே இல்லை" என்றேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

14 ஏப்ரல், ரெங்கம்

வகுப்பை நம் தோட்டத்து ஆயாக்கொட்டகைக்கு மாற்றலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "நீ அவுங்களோட தரையில உக்காந்தா, காலைல நான் எப்படிம்மா அதட்டுறது?" என்றார்.

எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அவரை அதட்ட மேலே வெள்ளைக்காரத் துரை இருக்கிறார். ஆனாலும் — அதட்டாம இருக்க முடியாதாப்பா?

17 ஏப்ரல்

காப்பி குடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அப்பா: "கொட்டகையிலயே நடத்திக்க. அந்த நேரத்துல நான் அந்தப் பக்கம் வரல. வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க."

அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

19 ஏப்ரல்

கொட்டகையில் முதல் நாள். மரத்தில் பால்வெட்டும் காளியம்மா மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். "வேணாங்கம்மா. சும்மா பாத்துட்டுப் போறேங்க."

ரொம்ப நேரம் பார்த்தாள்.

26 ஏப்ரல்

காளியம்மா உட்கார்ந்தாள். கூட இன்னும் சிலர்.

10 மே

நல்ல மழை. நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. கொட்டகை நிறையப் பெண்கள். காளியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அடுப்புல சோத்தப் போட்டுட்டு ஓடியாந்து குந்தியிருக்கோம், நீ இப்பத்தான் ஆடி அசைஞ்சு வர்றியா?"

"விடுடி, புள்ள நனைஞ்சு வந்திருக்கு" என்றாள் ஒருத்தி.

"நனைஞ்சா? நாங்க தெனம் நனையல?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவர்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னை இங்கே ஒருத்தி திட்டியது இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே சிலேட்டை எடுத்தேன்.