திராட்சைக்குலை ரேந்தை

பாறசாலை, கொல்லம் ஆண்டு 1104 கும்பம் 2

தன்னைப் பற்றித் தானே எழுதுவது கர்வமென்றால் மன்னிக்கப்படட்டும். வாய் திறந்து பேசாதவளுக்கு வேறு இடம் இல்லை. "என் மக லீலாபாய் பி.ஏ. ஆக்கும்" என்று அப்பா, பனையிலிருந்து இறக்கிய அக்கானியை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பனையேறி எலியாவின் மகளான நான் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறேன்.

திருவனந்தபுரத்தில் கற்ற திராட்சைக்குலை ரேந்தையை — குலையும் இலையுமாக ஊசியால் பின்னும் நூல் லேஸை — இன்று என் வகுப்பு விமலகுமாரிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே வேறு யாருக்கும் அது தெரியாது. இடக்கைக்காரி, அவள் பின்னிய இலைகள் மறுபக்கம் சாய்ந்தன. ஓரிடத்தில் பிழை, பிரிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

கும்பம் 3

விமலா வரவில்லை. தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்க்கும் சித்தப்பா ரெத்தினதாஸ்தான் எங்கள் பள்ளிக்கூட மானேஜர். தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நீங்க ஏசினதுல பிள்ள வீட்ட விட்டுப் போச்சு. நான் ஆரிட்டயும் சொல்லல்ல. நீங்களும் கேட்டு நடக்காண்டாம். உங்க பேரு கெடப்பிடாது, பாருங்க."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி!

கும்பம் 9

ஏசினேனா? சிரித்தாளே — சிரித்தாளா?

கும்பம் 14

"உறங்கினீங்களா?" என்று மானேஜர் இன்றும் பரிவாகக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க, நான் அவளை அடித்ததாகக்கூடத் தோன்றுகிறது.

கும்பம் 20

ஆலயத்தில் எனக்கு முன்னால் மானேஜரின் தங்கை ஆனந்தபாய், வெள்ளறடையிலிருந்து வந்தவள். சட்டைக் கழுத்தில் புது ரேந்தை. திராட்சைக்குலை. இலைகள் மறுபக்கம் சாய்ந்திருந்தன.

அன்று விமலா முடித்தது ஒரே குலை. இங்கே கழுத்தைச் சுற்றிலும் குலைகள்; மீதியை அதற்குப் பிறகு பின்னியிருக்கிறாள். பிள்ளை ஓடிப்போகவில்லை. என் புத்தியும் ஓடிப்போகவில்லை.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன்.

கும்பம் 21

வெள்ளறடைக்கு நடந்தோம். ஆனந்தபாயின் வீடு தெரிந்ததும் என் கால் நின்றுவிட்டது. "பி.ஏ. முன்ன நடக்கட்டு. பனையேறி பொறத்த வாறேன்" என்றார் அப்பா.

அப்படியொரு பிள்ளை இங்கே இல்லை என்று ஆனந்தபாய் முற்றத்திலேயே மறித்தாள். நான் — நானேதான் — அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "உங்க கழுத்துல கெடக்கது அவ கைவேலையாக்கும். கூப்பிடுங்க."

வேலியோரம் ஆட்கள் கூடியபின்தான் உள்ளறை திறந்தது. நூலும் ஊசியுமாக விமலா. விற்பதற்கு விடிந்ததிலிருந்து பின்னவைத்திருக்கிறார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் இனி பள்ளிக்கூடத்துக்கு வரப்பிடாதுன்னு சொன்னியளாமே, டீச்சர்?"

எனக்கு ஒரு கதை, அவளுக்கு ஒரு கதை. இரண்டையும் சொன்னது அதே மெதுவான குரல்.

"நான் சொல்லல்ல மக்கா" — அவ்வளவுதான் எனக்கு வந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு வந்துவிட்டாள்.

கும்பம் 24

நான் பிள்ளையைக் கெடுத்துவிட்டதாக ரெத்தினதாஸ் சொல்லித் திரிகிறார். வேலை போகலாம். போகட்டும். விமலா சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டு, எப்போது போகச் சொல்வார்களோ என்று வாசலைப் பார்க்கிறாள்.

அப்பா இப்போது பட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "முற்றத்துல நின்னு கேட்டாளாக்கும் என் மக" என்கிறார். நான் ஒளியவில்லை.

விமலாவை அழைத்துவந்த அன்றைக்கே நாக்கு நுனிவரை வந்ததை, அவர் கலயத்தை இறக்கிவைத்ததும் கேட்டேன்:

"அப்பா, பரீட்ச எழுதுகது வர — இல்ல, பி.ஏ. ஆகுகது வர — இவ நம்ம வீட்டுல நிக்கட்டா?"