ஷோபாவின் சிவப்புத் தூள்

மர்பி டவுன்,
பெங்களூரு.

அன்பு மகள் ஷோபாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. அந்த லீட்ஸ் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நீயும் நன்றாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். பார்சலைப் பிரித்ததும் முதலில் இதைப் படி, ஏனென்றால் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ படம் வரையக் கேட்ட சிவப்புத் தூள் இது இல்லை. போன மாதம் கேஸ் குழாய் போட வந்தவர்கள் சமையலறைத் தரையை உடைத்து அப்படியே விட்டுப் போனார்கள். கொத்தனார் ஆதிகேசவன் வந்து, தரைக்குச் சிவப்பு வர சிமெண்டில் கலக்க ரெட் ஆக்ஸைடு தூள் வேண்டும் என்றார். உங்கப்பாவுக்குக் கடைக்குப் போகச் சோம்பல். பரணில் உன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரெட் ஆக்ஸைடு என்று எழுதியிருக்கவும், தரை போட்டபோது மிஞ்சியது என்று நினைத்து ஒரு சிட்டிகை விடாமல் கொட்டிவிட்டார். நான் மார்க்கெட்டிலிருந்து வருவதற்குள் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியாயிற்று. மற்ற தரை செங்கல் நிறம், அந்த இடம் மட்டும் பீட்ரூட் சாயலில், இப்போதுதான் துடைத்தது போல இருக்கிறது. ஈரமென்று நினைத்து அப்பா இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறார், நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ போனில், நம் சமையலறைத் தரையைத்தான் வரைகிறேன், பாதிப் படத்தில் தூள் தீர்ந்துவிட்டது, மார்ச்சில் கண்காட்சி, பரணில் இருப்பதை அனுப்பு என்று சொன்னபோதுதான் நாங்கள் செய்த காரியம் உறைத்தது. அப்பா அன்று இரண்டாவது காபி கூடக் கேட்கவில்லை. மறுநாளே இருவரும் பஸ் பிடித்து நீ இங்கே இருந்தபோது தூள் வாங்கும் பெயிண்ட் கடைக்குப் போனோம். அங்கே ஐரின் என்ற பெண், இதெல்லாம் ஃபேக்டரியில் செய்கிற துருதான் ஆன்ட்டி, பொடி நைசாக இருந்தால் ஆரஞ்சு அடிக்கும், பருமனானால் ஊதா அடிக்கும், எந்த நம்பர் தூள் என்று தெரியாமல் அதே நிறம் தருவது கஷ்டம் என்றாள். ஆனாலும் பொறுமையாக மூன்று வகையை எண்ணெயில் குழைத்து அட்டையில் தடவிக் கொடுத்தாள். உன் பாட்டில் மூடியில் ஒட்டியிருந்ததையும் தடவி வைத்துப் பார்த்தோம். ஒன்று கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் பக்கத்தில் வைத்தால் ஒரு பிடி வெளுப்புதான். அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். உன் படம் கெட்டுவிடுமோ என்று எனக்கு மனசே ஆறவில்லை.

நேற்று சாயங்காலம் அப்பா வெகுநேரம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, “நம்ம தரையே இப்போ ரெண்டு செகப்பாத்தானே கீது, படத்துல மட்டும் ஏன் ஒண்ணா இருக்கணும்? இப்ப இருக்கற மாதிரியே வரையச் சொல்லு” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தரையைப் போட்டோ எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், பார்.

தூளைக் குழைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள், மறக்காதே. அம்மன் அருளால் கண்காட்சி நல்லபடியாக நடக்கும், கண்ணு. படத்தில் ஆள் யாரையாவது போடுவதாக இருந்தால் உங்கப்பாவைப் போடு, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

இப்படிக்கு,
உன் அம்மா
சின்னத்தாயி