மைதானத்துக்கு டைல்ஸ்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னால் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டு, மலையேறி வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். தங்கைக்கு ஆபீஸ் இடம் மாறிவிட்டது, இரண்டு பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், என் கோபம் பாதியிலேயே போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், கோபம்தான், உன்மேல்தான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

போன லீவில் வந்தபோது ஒருநாள் என்னைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? அப்போதுதான் மழை விட்டிருந்தது. பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஓட விட்டு, கயிறு தாண்ட விட்டு, பந்து எறிய விட்டு விளையாட வைப்பதுதானே இத்தனை காலமாக என் பொறுப்பு. பிள்ளைகள் சேறும் சகதியுமாக ஆனந்தமாய் ஓடிக்கொண்டிருந்தார்கள், உன் புது ஷூ சேற்றில் புதைந்துவிட்டது. உடனே தலைமையாசிரியரிடம் போய், என்ன சார், பசங்க இப்படி சேத்துல புரளுறாங்க, நானும் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து நல்லா தரை போட்டுக் குடுத்துடுறோம் என்றாய். ஏண்டா, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? தினமும் அங்கே நிற்கிறவள் நானா, உன் ஃப்ரெண்ட்ஸா? ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நானும் விட்டுவிட்டேன். பள்ளி விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால், மைதானம் முழுக்க டைல்ஸ்! குனிந்தால் முகம் தெரிகிறது. நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தடுமாறிப் போனேன்.

முதல் நாளே வந்தது வினை. இரண்டாம் வகுப்பில் ஒரு வாண்டு இருக்கிறாள், ஓரிடத்தில் நிற்கமாட்டாள், நாங்கள் முயல்குட்டி என்றுதான் கூப்பிடுவோம். வழக்கம்போலப் பாய்ந்து வந்தவள் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் அம்மா தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, பல்லு முளைச்சிடும் டீச்சர், ஆனா இனிமே நான் வர்ற வரைக்கும் இவளை எங்க விடுறது என்றுதான் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கே தலைமையாசிரியர், யாரும் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். சரி, நடந்தாவது விளையாடலாம் என்றால், ஷூ தடம் பதிகிறது, கழற்றி வெளியே வையுங்கள் என்கிறார். சாக்ஸோடு நடந்தால் இன்னும் வழுக்குகிறது. இப்போது என்ன செய்கிறோம் தெரியுமா? வரிசையாக உட்கார்ந்து கழுத்தை இடதும் வலதுமாகத் திருப்புகிறோம். ஏழு வயதுப் பிள்ளைகள்! வாசலில் மட்டும் மாலை நேர விளையாட்டுத் திட்டம் என்று பெரிய போர்டு தொங்குகிறது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான், வேறென்ன சொல்ல.

பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆளே வருவதில்லையே, அடுத்த மாதத்தோடு நிறுத்திவிடலாம், இடத்தை விழாக்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார் தலைமையாசிரியர். அப்புறம் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பெற்றவர்கள் வேலை முடிந்து வரும்வரை பூட்டிய வீட்டில் டிவி முன்னால்தான். நான் போய்ச் சண்டை போட்டேன். என்ன டீச்சர், உங்க பையன் போட்டுக் குடுத்தது, நீங்களே குறை சொன்னா எப்படி என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை, கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். உடையாமல் பெயர்த்துவிடலாம், தரை பெயர்ந்து கிடக்கிற வகுப்பறைகளில் இதையே போடலாம், மைதானத்தில் மண்ணைக் கொட்டிவிட்டால் போதும் என்றார். அதையும் போய்ச் சொன்னேன். கொடுத்தவங்க எழுதிக் குடுத்தா பாக்கலாம் என்கிறார். திறப்பு விழாவுக்கு நீ வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம், உன் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லியாகிவிட்டதாம். நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய், எனக்குத் தெரியாதா? ஆனாலும் வயிறு எரிகிறதடா.

நேற்று முயல்குட்டி வந்திருந்தாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நின்றாள், வா என்றாலும் கால் வைக்கவில்லை. டீச்சர், இதை யாரு போட்டாங்க, அவங்களுக்கு நம்மளைப் பிடிக்காதா என்று கேட்டாள். என் பிள்ளைதான் போட்டான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. தலைமையாசிரியருக்கு எழுத வேண்டியதை இந்த மாதத்துக்குள் எழுதி அனுப்பிவிடு. ரிப்பன் வெட்டத்தான் வருவேன் என்றால் வா, சோறு போடுகிறேன், விழாவுக்கு மட்டும் நான் வரமாட்டேன். அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்ல என்பதையும் நீயே எழுது.

உன்மேல் உயிரையும் கோபத்தையும் சேர்த்தே வைத்திருக்கும்
அம்மா