மெக்கானிக்கிடம் சொல்லாதது

ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? நம் இளைஞர் குழு ஏரிக்குப் போவது முடிவாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்துக்கு நீ மட்டும்தான் வரவில்லை. ஷிப்ட் என்பாய், தெரியும். மெக்கானிக் அண்ணனைப் பார், கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும்போது கரையில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உன் மகளைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கையால் எழுதி அனுப்பு. போனில் "சரிக்கா, சரிக்கா" என்பதெல்லாம் என்னிடம் செல்லாது.

உன் நூலக அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்க வேண்டாம். மில்லில் ஒரு மணி நேரம் லீவு கேட்டாலே மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

அவளுக்கு வலிப்பு உண்டு அக்கா. மாத்திரை சாப்பிடுகிறாள். கடைசியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பழைய பள்ளியில் விஷயம் தெரிந்ததும் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. "யாருக்காவது தெரிஞ்சா நான் போகவே மாட்டேம்மா" என்று அழுகிறாள். அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. வாக்குக் கொடுங்கள். இப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

தங்கை

ஏப்ரல் 10

தங்கைக்கு,

வாக்குக் கொடுத்தேன். தண்ணீர்ப் பக்கம் நானே இருப்பேன். நிம்மதியாக வேலைக்குப் போ.

அக்கா

மே 11

தங்கைக்கு,

மூன்று வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அன்று ஏரிக்கரையில் ஒரு பிள்ளையின் காலில் கண்ணாடி குத்திவிட்டது. கட்டுப் போட வண்டிக்கு அழைத்துப் போனேன். பத்தே நிமிஷம். கரையில் மெக்கானிக் அண்ணன் இருக்கிறாரே என்றுதான் போனேன். உன் மகள் கை கால் அடித்ததை விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பாய்ந்து போய்த் தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது தெருவே அவரைத்தான் கரித்துக் கொட்டுகிறது. "குடிச்சிட்டு நின்னிருப்பான்" என்கிறார்கள். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன். அன்றிலிருந்து கடையைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். உண்மையைச் சொல்ல அனுமதி கொடு.

அக்கா

மே 13

அக்கா,

முடியாது. என் பிள்ளை கேட்டது அது ஒன்றுதான். அவளைத்தான் காப்பாற்றவில்லை, கொடுத்த வாக்கையாவது காப்பாற்றுங்கள்.

அவளுடைய அம்மா

மே 18

தங்கைக்கு,

அப்படிக் கூப்பிட இனி எனக்கு உரிமை இல்லை. கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நீ எழுதித் தந்தாய், மறைத்தது நான் என்று சொன்னேன். பழி என் தலையிலேயே விழட்டும் என்றுதான்.

மெக்கானிக் அண்ணன் எழுந்தார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்துலயே இறங்கி நின்னிருப்பேனேம்மா. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துக் கையாட்டுதுன்னு நெனச்சேன். நானும் சிரிச்சிக்கிட்டே கையாட்டிட்டு நின்னேன்."

நீ என்னை மன்னிக்க வேண்டாம். அவரை மட்டும் ஒரு தடவை போய்ப் பார்.

நூலகத்திலிருந்து