ஒன்பது மணிக்கு மேல்

ஜூன் 7, சனி

சொற்பொழிவுத் தொடர் இன்று தொடங்கியது. ‘கத்தோலிக்கச் சிந்தனையும் பண்பாடும்’ என்று தேவாலய மண்டப வாசலில் பெரிய பேனர். எந்தச் சமயத்தவரும் வரலாம் என்று கீழே ஒரு வரி. வந்தது என்னவோ நம் பங்கு மக்கள்தான். கோவிலில் பின்பெஞ்சுக்கு முந்துகிற அதே ஆட்கள் மண்டபத்திலும் பின்வரிசைக்கு முந்தினார்கள். பாவம் அந்த ஓவியப் பேராசிரியர், முன்னால் இருந்த காலி நாற்காலிகளுக்கு மாதா ஓவியங்களை விளக்கிவிட்டுப் போனார். நன்றாகத்தான் பேசினார். கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வழக்கம்போல் முதல் ஆளாக எழுந்தார். அவருடைய கேள்வி, பேச்சைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

ஏற்பாட்டாளர் என்று பெயர். மைக்கிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் வரை எல்லாம் என் தலையில். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில்கூட யாரும் என்னை இப்படி ஓட வைத்ததில்லை.

சொற்பொழிவுக்கு அக்காவையும் கூப்பிட்டேன். துணி மடிக்க வேண்டும் என்றாள். இரண்டு பேர் துணி எவ்வளவு இருந்துவிடும்?

ஜூன் 9, திங்கள்

அக்கா இருபது வருடத்துக்கு மேல் அருட்சகோதரியாக இருந்தவள். மடத்தை விட்டு வந்து எட்டு மாதமாக என்னோடு இருக்கிறாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அது அவள் பாடு. பகலெல்லாம் கலகலப்பாகத்தான் இருக்கிறாள். நான் வெங்காயம் நறுக்குகிற அழகைப் பார்த்து, மரம் வெட்டப் போகலாம் நீ என்கிறாள். ஆனால் இரவு செபம் முடிந்து ஒன்பது மணி ஆனால் போதும், ஆளே மாறிவிடுகிறாள். எதைக் கேட்டாலும் பதில் இல்லை. ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நேற்று, “நாளைக்கு மழை வருமாக்கா? குடை எடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அவளே குடையை எடுத்து நீட்டுகிறாள்! இது என்ன கோபமோ.

பகலில் கேட்டுவிடலாம்தான். நன்றாக இருக்கிற பகலையும் கெடுத்துக்கொள்வானேன் என்று விட்டுவிடுகிறேன். இங்கே இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை போல. வெளியூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போய்விடுவாள். போகாதே என்று சொல்ல ஆசைதான் — இரவானால் முகம் கொடுத்துப் பேசாதவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 12, வியாழன்

இன்று நானும் முறுக்கிக்கொண்டு எதுவும் கேட்காமல் படுத்தேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சனிக்கிழமைத் தலைப்பு, ‘துறவு மடங்களின் மௌனம்’. பேச வேண்டிய இறையியல் பேராசிரியருக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டதாம். இந்தத் தலைப்புக்கு இதைவிடத் தகுதி வேறு என்ன வேண்டும் என்று பங்குத்தந்தை சிரித்தார். சிரித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவைப் பேசச் சொல்லிக் கேட்டார். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “பேசறேன் ஃபாதர்” என்றாள். அவ்வளவுதான்.

பின்வரிசையில் அவளைப் பற்றி என்னென்ன பேச்சு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? அவர்களாவது முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள். தலைமை ஆசிரியர் அப்படி இல்லை. ஏன் மடத்தை விட்டு வந்தீர்கள் என்று மைக்கிலேயே கேட்டுவிட்டால்? கேட்கக்கூடிய ஆள்தான். கேட்டா அவ மறுநாளே பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடுவா. அப்புறம் நான் யாரப் பிடிச்சு நிறுத்தறது?

ஜூன் 20, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். நாளைக்குக் கேள்வி நேரமே கிடையாது. அவள் முடித்ததும் நேரே நன்றியுரை. நிகழ்ச்சியை நடத்துவது நான்தானே.

ஜூன் 21, சனி

முன்வரிசைகூட நிரம்பிவிட்டது. சொற்பொழிவைக் கேட்க வந்த கூட்டமா, அக்காவைப் பார்க்க வந்த கூட்டமா என்று எனக்குத் தெரியும். அக்கா சாம்பல் நிறச் சேலையில் போய் நின்றாள். கையில் துண்டுச்சீட்டுக்கூட இல்லை.

மௌனம் என்பது வாயை மூடிக்கொள்வது இல்லை, இன்னொருவருக்கு இடம் விடுவது என்று ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் உண்பது, உப்பு வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது, அவரும் புரிந்துகொண்டு நகர்த்துவது — பின்வரிசையில் ஒரு குசுகுசுப்பு இல்லை. பெருமையாக இருந்தது எனக்கு. பயமாகவும் இருந்தது.

அவள் முடித்ததும் மைக்கைப் பிடித்து நன்றியுரையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு வரி தாண்டவில்லை.

“கேள்வி நேரம் இருக்கே, ஏன் அவசரப்படறே?” என்றாள் அக்கா. மண்டபமே சிரித்தது. தலைமை ஆசிரியர் எழுந்துவிட்டார்.

அவரை எதைச் சொல்லி உட்கார வைப்பது? மனிதர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சுருக்கமாகக் கேட்டார். “மடத்த விட்டு வெளிய வந்தாச்சேம்மா. அந்த மௌனம் இன்னும் உங்ககிட்ட இருக்கா?”

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

“இருக்கு சார். ராத்திரி செபம் முடிஞ்சா காலை வரைக்கும் பேசக் கூடாதுன்னு எங்க சபையில ஒழுங்கு. இப்ப அது எனக்கு இல்ல. ஆனா ஒன்பது மணி ஆனா வாய் தானா பூட்டிக்குது. பக்கத்துக் கட்டில்லேர்ந்து என் தங்கச்சி ஏதாவது கேப்பா. பதில் மனசுக்குள்ள இருக்கும், வாய்க்கு வராது. காலையில எழுந்ததும் முதல் வேலையா அவ கேட்டதச் செஞ்சு வச்சிடுவேன்.”

குடை.

மேடை ஓரத்தில் மைக்கோடு நின்று அழுதேன். நன்றியுரையைப் பங்குத்தந்தைதான் சொல்லி முடித்தார். யாருக்கெல்லாம் நன்றி சொன்னாரோ தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் கேட்டுவிட்டேன். இத்தனை மாதமாக இதைச் சொல்லக் கூடாதா என்றேன். மடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லையாம். நான் கோபம் என்று நினைத்ததைச் சொன்னதும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “எட்டு மாசமாவாடி அப்படி நெனச்சே?” என்றாள். பிறகு இருவருமே சமையலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

போகாதே என்றும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மனசு லேசாக இருக்கிறது. இனி இரவில் அவளைத் தொந்தரவு செய்வதில்லை. கேட்க வேண்டியதை எட்டரைக்குள் கேட்டுவிடுவேன்.

ஜூன் 28, சனி

நான்காவது சொற்பொழிவு, தேவாலய இசை பற்றி. அக்கா என்னோடு வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று விடுதிக்கு ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். என்னிடம் அதைச் சொன்னது மாவு பிசைந்துகொண்டே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். நானும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் சிரித்துவிட்டு வந்தேன்.

இரவு செபம் முடிந்தது. இந்த ஒரு வாரமாக இருப்பதுபோல் நான் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஏண்டி, ராத்திரியானா இப்பல்லாம் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறே. என்மேல கோபமா?”

“அக்கா, மணி ஒன்பதரை” என்றேன்.

“தெரியும்” என்றாள். “நாளைக்கு மழை வரும்போல இருக்கு, குடைய எடுத்துட்டுப் போ.”